கீழ்முதுகு வலிக்குப் பிசியோதெரபி பயிற்சிகள்: எதில் தொடங்குவது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது

கீழ்முதுகு வலிக்கு எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குனிந்து செய்யச் சொல்வார் ஒருவர், பின்னால் வளையச் சொல்வார் இன்னொருவர். வேறு வேறு முதுகுகளுக்கு இரண்டுமே சரியாக இருக்கலாம். அதனால் பயிற்சிப் பட்டியலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை இரண்டு: எந்தப் பக்கம் அசைந்தால் உங்கள் வலி குறைகிறது, இன்று செய்த அளவுக்கு நாளைக் காலையில் முதுகு எப்படி இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால், கீழே உள்ளவற்றில் உங்களுக்கு வேண்டியதை நீங்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, பிட்டம் தொடையைச் சேரும் மடிப்பு வரைக்கும் வருவதைத்தான் கீழ்முதுகு வலி என்கிறோம். அங்கே ஐந்து முதுகெலும்புகள், அவற்றுக்கு இடையில் மெத்தை போன்ற டிஸ்க்குகள். பாரத்தை அதிகம் சுமப்பவை கடைசி இரண்டு டிஸ்க்குகள், பிதுங்குவதும் பெரும்பாலும் அவைதான். ஆனால் கீழ்முதுகு வலிகளில் பத்துக்கு ஒன்பது, இந்த எலும்பு, இந்த டிஸ்க் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதவை. ஸ்கேனில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அசையவே பயப்படுகிறவர்கள் ஏராளம். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வலியே இல்லாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது தெரியவந்தது. ஸ்கேனில் இருப்பதெல்லாம் வலியின் காரணம் ஆகிவிடாது.

பயிற்சி தொடங்கக் கூடாத நிலைமைகள்

சில அறிகுறிகள் இருந்தால் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமலே போய்விடுவது, பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை அவசர நிலை. தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். காலையில் கண்டால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால்கூடப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவருக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கோ திடீரென்று வந்த வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் குறையாத வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் பயிற்சி.

திசையைக் கண்டுபிடிக்கும் சோதனை

தூங்கி எழுந்த உடனே இதைச் செய்யாதீர்கள். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூடுதலாக விழும். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு தொடங்குங்கள்.

நேராக நில்லுங்கள். இப்போது வலி எங்கே இருக்கிறது, 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்: நடு முதுகிலா, ஒரு பக்க இடுப்பிலா, பிட்டத்திலா, தொடையிலா, கெண்டைக்காலிலா, பாதத்திலா. பிறகு முழங்காலை மடக்காமல், முடிந்த அளவு முன்னால் குனிந்து நிமிருங்கள், மெதுவாக 10 தடவை. மறுபடி எழுதுங்கள். இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அடுத்து இரு உள்ளங்கைகளையும் இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு, பின்பக்கமாக வளைந்து திரும்புங்கள், அதுவும் 10 தடவை. மீண்டும் எழுதுங்கள். குனியக் குனிய வலி காலுக்குள் இறங்குகிறது என்றால் பத்து வரைக்கும் போக வேண்டாம், இரண்டு மூன்றிலேயே விடை கிடைத்துவிட்டது. நிற்கவே முடியாத அளவு வலி என்றால் சோதனையை மூன்று நான்கு நாட்கள் தள்ளிப்போடுங்கள்.

எழுதியதைப் படிக்கும் முறை இது. காலில் இருந்த வலி பிட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து நடு முதுகுக்கு வந்தால் அது நல்ல சகுனம். நடு முதுகில் வலி முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தாலும் பரவாயில்லை, கால் விடுபடுகிறது என்றுதான் அர்த்தம். அந்தத் திசைதான் உங்கள் திசை. நேர்மாறாக, முதுகில் மட்டும் இருந்த வலி தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கினால், அந்தத் திசை அசைவுகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள், முதுகு வலி குறைந்த மாதிரி தெரிந்தாலும் சரி. இரண்டு பக்கமும் எந்த மாற்றமும் இல்லை என்றால் திசைப் பயிற்சி உங்களுக்குத் தேவையில்லை, நேராகத் தளர்த்தும் பயிற்சிகளுக்கும் பலப்படுத்தும் பயிற்சிகளுக்கும் போகலாம்.

வயது கூடியவர்களில் ஒரு தனி வகை உண்டு. சற்று தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து வலிக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுவிடும். நரம்பு போகும் பாதை குறுகிப்போனதன் அடையாளம் இது. இவர்களுக்குப் பெரும்பாலும் குனியும் திசைதான் ஒத்துவரும், பின்னால் வளையும் பயிற்சி வலியைக் கூட்டும். ஒரு முதுகெலும்பு அடுத்ததன் மேல் முன்னால் நழுவியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் பின்னால் வளைவதைத் தவிர்க்க வேண்டும். எலும்பு பலவீனமானவர்கள் குனிந்து செய்யும் எதையும் தவிர்ப்பது நல்லது.

பிடித்துக்கொண்ட முதல் சில நாட்கள்

இடுப்பு பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1986இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஏழு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களுக்கும் இரண்டே நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஏழு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள்தான் அதிகம். இன்றைய அறிவுரை இன்னும் தெளிவு: வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடுங்கள். படுக்க வேண்டியிருந்தாலும் பகலில் 20, 30 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாகப் படுத்திருக்காதீர்கள்.

வலி தணியப் படுக்கும் விதம்: தரையில் மல்லாந்து படுத்து, இரு கெண்டைக்கால்களையும் ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் மூச்சிழுத்து, வயிறு உயர்வதைக் கவனியுங்கள். வெளிவிடும் மூச்சு உள்ளிழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் நான்கைந்து தடவை செய்யலாம். வலிக்குப் பயந்து இறுகிக் கிடக்கும் தசைகள் இதில்தான் முதலில் விடும்.

படுக்கையிலிருந்து நேராக உட்கார்ந்து எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழ்க் கையின் முழங்கையாலும் மேல் கையின் உள்ளங்கையாலும் தள்ளி எழுங்கள். முதுகு நடுவில் முறுக்கிக்கொள்ளவே கூடாது. மல்லாந்த நிலையிலிருந்து ஒரே எத்தில் எழ முயன்று மறுபடி பிடித்துக்கொள்வது, முதல் வாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

தளர்த்தும் பயிற்சிகள்

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். கீழ்முதுகுக்கும் தரைக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், கையை விட்டுப் பார்த்தால் தெரியும். அடிவயிற்றை மெல்ல இறுக்கி, அந்த இடைவெளி மூடும்படி முதுகைத் தரையில் அழுத்துங்கள். 5 வினாடி வைத்திருந்து விடுங்கள். 10 தடவை. பாதத்தால் தரையை உதைத்து முதுகை அழுத்துவதுதான் இதில் எல்லோரும் செய்யும் பிழை. கால் விரல்களைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தால் உதைக்க முடியாது.

அதே நிலையில், இரு முழங்கால்களையும் சேர்த்து வைத்து, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, நடுவுக்கு வந்து, மறுபக்கம் சாயுங்கள். தோள்கள் தரையை விட்டு எழக்கூடாது. பக்கத்துக்கு 10. முழுக்கச் சாய வேண்டிய கட்டாயம் இல்லை, இழுப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் திரும்பிவிடுங்கள். குனியும் திசை ஒத்துவருபவர்கள் மட்டும் ஒரு முழங்காலை மார்பை நோக்கி இழுத்து 15, 20 வினாடி பிடிப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம், காலுக்கு மூன்று தடவை.

பிறகு தவழும் நிலை. மூச்சை வெளிவிட்டபடி முதுகை மேல்நோக்கி வளையுங்கள், மூச்சிழுத்தபடி கீழே இறக்குங்கள். மேலும் கீழும் சேர்ந்தது ஒரு சுற்று, 7 அல்லது 8 சுற்று போதும். இது தசையை இழுக்கும் பயிற்சி என்று நினைத்து இரு முனையிலும் அழுத்திப் பிடிக்கிறார்கள். இதன் வேலை மூட்டுகளை இலகுவாக்குவதுதான். அதனால் நிறுத்தாமல், தள்ளாமல் ஓடட்டும்.

பின்னால் வளையும் திசை ஒத்துவந்தால்

நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், 1956இல் தற்செயலாகக் கண்டது இது. கால் வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார். இடுப்பு பின்னால் வளைந்து கிடக்கும் அந்த நிலை அவருக்குக் கெடுதல் என்றுதான் அன்றைய பாடம் சொன்னது. சில நிமிடம் கழித்துப் பார்த்தால் கால் வலி போயிருந்தது. அங்கிருந்து வளர்ந்த முறையின் வீட்டுப் பயிற்சி இதுதான்:

1. குப்புறப் படுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கைகளை உடலோடு வைத்து 2, 3 நிமிடம் தளர்ந்து கிடங்கள். இதிலேயே கால் வலி கூடினால் வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வையுங்கள்.
2. முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி மேலுடலை உயர்த்தி, அப்படியே 2, 3 நிமிடம்.
3. உள்ளங்கைகளைத் தோளுக்குக் கீழே வைத்து, கைகளால் மட்டும் தள்ளி மேலுடலைத் தூக்குங்கள். இடுப்பும் தொடையும் தரையிலேயே தொங்கிக் கிடக்கட்டும். உச்சியில் ஒரு வினாடி நின்று, மூச்சை முழுக்க வெளிவிட்டு, இறங்குங்கள். 10 தடவை.

ஒவ்வொரு படியிலும் காலைக் கவனியுங்கள். வலி மேலே ஏறினாலோ அப்படியே இருந்தாலோ அடுத்த படிக்குப் போகலாம். இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்பி ஒரு நாள் அங்கேயே நில்லுங்கள். இந்தப் பயிற்சி பலன் தருவது அடிக்கடி செய்வதால். காலையில் ஒரு தடவை 30 செய்துவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 என்று, நாளில் ஆறு வேளையாவது செய்ய வேண்டும். அலுவலகத்தில் தரையில் படுக்க முடியாதவர்கள், சோதனையில் செய்த மாதிரி நின்றபடியே 10 தடவை பின்னால் வளையலாம்.

இதில் கெட்டுப்போகும் இடம் பிட்டம். மேலே எழும்போது பிட்டத்தை இறுக்கினால் கீழ்முதுகு வளையாது, முதுகுத் தசையும் இழுத்துக்கொள்ளும். பிட்டம் தளர்ந்திருக்கிறதா என்று வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு, நின்று செய்வதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பலப்படுத்துவது

ஓய்வில் வலி 3க்குக் கீழே வந்து, வீட்டுக்குள் தாராளமாக நடக்க முடிகிறபோது இதற்கு வரலாம். முதலில் வயிற்றை இறுக்கக் கற்க வேண்டும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இரு பக்கமும் விரல்களை அழுத்தி வைத்து லேசாக இருமுங்கள். விரலுக்கடியில் தசை வெளிநோக்கித் தள்ளும். அந்த இறுக்கத்தில் கால்வாசியை, இருமாமல், மூச்சு விட்டுக்கொண்டே பிடித்து வைத்திருக்கப் பழகுங்கள். வயிற்றை உள்ளே எக்குவது இது ஆகாது. பேசிக்கொண்டே பிடிக்க முடிந்தால் அளவு சரி. கீழே வரும் எல்லாப் பயிற்சிக்கும் இந்த இறுக்கம்தான் அடித்தளம்.

கனடாவில் முதுகெலும்பு இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைப் பிரபலமாக்கினார். முதுகெலும்பின் மேல் பாரம் அதிகம் ஏற்றாமல் அதைச் சுற்றியுள்ள தசைகளை உழைக்கவைப்பது அவற்றின் சிறப்பு. முழுக்க எழுந்து உட்காரும் வழக்கமான வயிற்றுப் பயிற்சியில் கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன் என்று அவர் கணக்கிட்டார், ஏறக்குறைய 330 கிலோ எடைக்குச் சமம். இடுப்பு வலிக்காரர்கள் அந்தப் பயிற்சியையும், மல்லாந்து படுத்து இரு கால்களையும் நீட்டித் தூக்குவதையும், நின்று குனிந்து கால் விரலைத் தொடுவதையும் விட்டுவிட வேண்டும்.

மூன்றில் முதலாவது, தலை தூக்குதல். மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டி, மற்றதை மடக்குங்கள். இரு உள்ளங்கைகளையும் கீழ்முதுகின் வளைவுக்கடியில் வையுங்கள், அந்த வளைவு நசுங்கக் கூடாது. வயிற்றை இறுக்கி, தலையையும் தோளையும் ஒரே துண்டாகத் தரையிலிருந்து சற்றே எழுப்புங்கள். தலைக்கடியில் ஒரு தாளை உருவ முடிகிற உயரமே போதும். மோவாய் மார்பை நோக்கி வந்தால் கழுத்துதான் வேலை செய்கிறது. பாதி எண்ணிக்கையில் காலை மாற்றுங்கள்.

இரண்டாவது, பக்கவாட்டுத் தாங்கல். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களைச் செங்கோணமாக மடக்கி, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். இடுப்பை முன்னும் மேலுமாகத் தள்ளித் தூக்குங்கள். தலை, இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். இடுப்பு பின்னால் தங்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. தோள் வலித்தால், சுவரருகே நின்று முழங்கையைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்தபடி செய்யுங்கள். பலம் கூடியதும் முழங்காலுக்குப் பதில் பாதங்களில் தாங்கலாம்.

மூன்றாவதை அவசரமில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பார்க்க எளிது, சரியாகச் செய்வது கடினம். தவழும் நிலையில் கைகள் தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் இடுப்பு மூட்டுக்கு நேர் கீழே. வயிற்றை இறுக்கி, வலது காலைப் பின்னால் நீட்டுங்கள், ஆனால் முதலில் கால் விரல் தரையில் உரசிக்கொண்டே போகட்டும். இடுப்பு ஆடவில்லை என்றால் மட்டும் தரையை விட்டு எழுப்புங்கள். குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவதாக எண்ணிக்கொண்டு நீட்டினால் கால் தானாகச் சரியான உயரத்தில் நிற்கும். பிட்டத்தைவிட உயரப் போனால் கீழ்முதுகு குழிந்துவிடும், வலியும் அங்கேதான் வரும். கால் நிலைத்த பிறகு இடது கையை முன்னால் நீட்டுங்கள், தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம். சரிபார்க்க ஒரு வழி: ஒரு குச்சியைக் கீழ்முதுகில் குறுக்காகக் கிடத்துங்கள். காலைத் தூக்கும் நொடியில் அது ஒரு பக்கம் உருண்டால் இடுப்பு திரும்புகிறது. கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பிடிப்பு 8 முதல் 10 வினாடிக்கு மேல் போகக்கூடாது. நீண்ட நேரம் இறுக்கிப் பிடித்தால் தசைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்து அது சோர்ந்துவிடும், சோர்ந்த தசையோடு செய்யும்போது நிலை குலையும். நேரத்தை நீட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. முதல் சுற்றில் பக்கத்துக்கு 6, அரை நிமிட ஓய்வு, பிறகு 4, பிறகு 2. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை இறங்குவதால் கடைசிவரை உருக்குலையாமல் செய்ய முடிகிறது. 6 கனமாக இருந்தால் 4, 3, 2 என்று தொடங்குங்கள்.

இவற்றோடு இடுப்பு தூக்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிட்டத் தசை வேலை செய்யாத முதுகுக்கு ஓய்வே கிடையாது. மல்லாந்து படுத்து, குதிகால்களைப் பிட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றுங்கள். முதலில் பிட்டத்தை இறுக்கி, அதன் பிறகே இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே சாய்கோட்டில் வந்ததும் நிறுத்தி 5 வினாடி. 10 தடவை, இரண்டு சுற்று. பின்தொடை சுண்டி இழுத்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது, பக்கத்தில் கொண்டுவாருங்கள். கீழ்முதுகு வலித்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள்.

தசை இழுப்புப் பயிற்சிகள்

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கமும் இடுப்பின் முன்பக்கமும் குறுகியிருக்கும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து, ஊன்றிய பக்கப் பிட்டத்தை இறுக்கி இடுப்பைச் சற்று முன்னால் கொண்டுபோனால் இழுப்பு தெரியும். 30 வினாடி, காலுக்கு இரண்டு தடவை. பின்தொடைக்கு, மல்லாந்து படுத்துப் பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, காலை நீட்டி உயர்த்தி 30 வினாடி.

ஒரு எச்சரிக்கை. காலுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலியோ மரப்போ இருப்பவர்கள் பின்தொடையை இழுத்துப் பிடிக்கவே வேண்டாம். அங்கே இறுகியிருப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் எரிச்சலுற்ற நரம்பு. இழுத்து வைத்தால் இன்னும் சீறும். அவர்கள் மல்லாந்து படுத்து, தொடைக்குப் பின்னால் இரு கைகளால் பிடித்து, முழங்காலை மெல்ல நீட்டி, இழுப்பு தொடங்கும் இடத்திலேயே திரும்ப மடக்க வேண்டும். நிறுத்தாமல் 10 தடவை, நாளில் இரண்டு மூன்று வேளை. நரம்பை நீட்டாமல் நகர்த்திவிடும் பயிற்சி இது.

குனியக் கற்பது

அரை மணி நேரப் பயிற்சியின் பலனை, மீதி நேரம் குனிகிற விதம் அழித்துவிடும். ஒரு நீளக் குச்சியை முதுகோடு ஒட்டிப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு, மூன்று இடத்திலும் அது தொட வேண்டும். சுவருக்கு முதுகு காட்டி அரை அடி தள்ளி நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டம் சுவரைத் தொடும்வரை பின்னால் கொண்டுபோங்கள். மூன்று இடமும் தொட்டபடியே இருந்தால் நீங்கள் இடுப்பு மூட்டில் மடங்குகிறீர்கள், முதுகு மடங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரிலிருந்து விலகுங்கள். 10 தடவை, தினமும். தரையில் கிடப்பதை எடுப்பது, முகம் கழுவுவது, குழந்தையைத் தூக்குவது எல்லாம் இதே மடக்குத்தான். பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

நடை

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கீழ்முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேர் கலந்துகொண்டனர். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி மறுபடி வர நடுத்தரமாக 208 நாட்கள் ஆனது, செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். வாரம் ஐந்து நாள், 30 நிமிடம் என்பது அவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு, அதை எட்ட ஆறு மாதம் கொடுத்தார்கள்.

வலி இருக்கும்போதே 5 நிமிடம், நாளில் மூன்று வேளை என்று தொடங்கலாம். கைகள் தோளிலிருந்து தாராளமாக ஆடட்டும். கடையில் பொருள் பார்த்துக்கொண்டு நின்று நின்று நகர்வது முதுகைக் களைக்கவைக்கும், சற்று விறுவிறுப்பான நடை இலகுவாக்கும். வாரத்துக்கு ஒரு வேளையில் 2, 3 நிமிடம் கூட்டுங்கள். நடந்தால் கால் கனப்பவர்கள், அது தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து எழுந்து, பல துண்டுகளாக நடக்கட்டும்.

எவ்வளவு வலி சரி

பயிற்சியின்போது வலி 10க்கு 3 வரை ஏறுவதில் தவறில்லை. முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்து, மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் அதே அளவில் தொடருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள், ஒரு பயிற்சியில் இரண்டு எண்ணிக்கை என்கிற மாதிரி. ஒரே நாளில் மூன்றைக் கூட்டினால், முதுகு முரண்டு பிடிக்கும்போது எதைக் குறைப்பது என்று தெரியாது. மறுநாள் காலை வலி 2 புள்ளிக்கு மேல் கூடியிருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், ஆனால் முழுக்க நிறுத்தாதீர்கள். வலியோ மரப்போ காலுக்குள் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி மட்டும் அன்றே நிற்க வேண்டும். ஓய்வு நாளில் தசை சற்றுப் பிடித்த மாதிரி வலிப்பதும் பளிச்சென்று குத்துவதும் வேறு வேறு. முதலாவது பழகாத தசை உழைத்த வலி, இரண்டு நாளில் போய்விடும்.

ஒரு நாளுக்கான வரிசை: காலையில் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து தவழும் நிலைப் பயிற்சி, பிறகு மெக்கில்லின் மூன்று, இடுப்பு தூக்கல், குச்சியோடு குனிதல். 20 நிமிடத்தில் முடியும். மாலையில் நடை. திசைப் பயிற்சி தேவைப்படுகிறவர்கள் அதை நாள் முழுக்கப் பரப்பிக்கொள்ளட்டும். பலப்படுத்தும் பயிற்சிகளின் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே வலி விட்டுவிடுவதால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், தசை இன்னும் பலப்பட்டிருக்காது. முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிறு தசைகள் வலி வந்ததும் மெலிந்துவிடும், வலி போனதும் தாமாகத் திரும்பி வருவதில்லை. வலி நின்ற பிறகும் வாரம் மூன்று நாளாவது தொடருங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால், அல்லது கால் வலி குறையாமல் இருந்தால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நேரில் பாருங்கள். எழுதி வைத்த தாளையும் கொண்டுபோங்கள். எந்த அசைவில் வலி எங்கே நகர்ந்தது என்ற குறிப்பு, பல நேரம் ஸ்கேன் படத்தைவிட அவருக்கு உதவும்.

வலி மறுபடி வரக்கூடும். வந்தால் முதல் நாள் நாற்காலி மேல் கால் வைத்துப் படுப்பதும் குறுநடையும். இரண்டாம் நாள் திசைப் பயிற்சி. நான்காம் நாளுக்குள் தளர்த்தும் பயிற்சிகள். மெக்கில்லின் மூன்றை, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள்.